நடத்தலும் எண்ணுதலும்

1

சென்ற ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை என் அப்பா நாளொன்றுக்கு ஆறாயிரம் அடிகளுக்குக் குறையாமல் நடந்தார் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. நாள், மணி, நிமிஷம் எல்லாம் கைபேசியில் பதிவாகியிருக்கின்றன. வங்கியில் பத்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில், அந்தப் பதிவில் பிழை ஒன்றும் இல்லை என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் எந்த நடையை நடக்கச் சொல்லி டாக்டர் அவரை அனுப்பினாரோ, அந்த நடையை அவர் அந்த நான்கு மாதங்களில் ஒரு நாளும் நடக்கவில்லை. கணக்கும் சரி, நடக்காததும் நிஜம். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்ததில் விளைந்தது இக்கட்டுரை. குடும்ப விவகாரத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுவருவதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயம் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை என்று எனக்குப் படுகிறது.

அப்பா 1985இல் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தவர். எழுபதுகளில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை போட்டது. பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் சிறிய பட்டறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெங்களூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே குழாயடியில் கேட்கிற ஊராயிற்று. இன்று அது ஓசூர் மாநகராட்சிக்குள் அடக்கம். அப்பா ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நின்றுகொண்டே செய்கிற வேலை. முப்பத்து மூன்று வருஷம் நின்றார். டீக்கு ஒரு பீடி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பீடி, ஷிப்ட் முடிந்தால் ஒன்று. ஐம்பது வயதில் சர்க்கரை. ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து ஒரு நாள், பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நின்றார். இரண்டு நிமிஷத்தில் விட்டது. மறுநாளும் அநேகமாக அதே இடத்தில் பிடித்தது. "நரம்பு இழுக்குது" என்று சொல்லி ஒரு வருஷத்தைத் தள்ளினார்.

டாக்டர் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்காலின் அளவைக் கையின் அளவால் வகுத்து, விடை 0.9க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் தமனிகளில் அடைப்பு என்று கொள்கிறார்கள். அப்பாவுக்கு வலது காலில் 0.64. மாத்திரை எழுதினார். பீடியை விடச் சொன்னார். பிறகு, "நடங்க. வலி வர்ற வரைக்கும் நடங்க. நல்லா வலிச்சா நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க. அரை மணி, முக்கால் மணி, வாரத்துல மூணு நாளாவது" என்றார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவில் முதல் சொல் மட்டும் என் காதில் ஏறியது. அன்று மாலையே அடிகளை எண்ணுகிற ஃபிட்னஸ் பேண்ட் ஒன்றை வாங்கி அப்பாவின் மணிக்கட்டில் கட்டினேன். அவர் அதை வாட்ச் என்றே சொன்னார்.

மாலையில் கேஷ் டாலி ஆனதும் கைபேசியைத் திறந்து அப்பாவைப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. 6,214. 6,480. 6,051. மனசுக்குள் ஒரு நிம்மதி. வீட்டுக்குப் போனதும் அவரிடம் காலைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. தெரிந்ததை ஏன் கேட்பானேன்?

ஜூனில் மறுபடி போனோம். டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு அளந்தார். முன்பு நடந்த தூரத்தைவிட ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. நான் கைபேசியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அப்பாவிடம் கேட்டார்: "நடக்கும்போது வலி எத்தனை தடவை வந்துச்சு?"

அப்பா சற்றுப் பெருமையோடுதான் சொன்னார்: "ஒரு தடவைகூட வரலைங்க சார்."

வலி எந்த இடத்தில் தொடங்கும் என்பது அவருக்கு அடி சுத்தமாகத் தெரியும். அதற்கு நாலடி முன்னால் திரும்பிவிடுவார். வாசலிலிருந்து டீக்கடை, உட்கார்ந்து ஒரு டீ, டீக்கடையிலிருந்து வாசல். சாப்பிட்டபின் கூடத்தில் சுற்று. குழாயடிக்கு ஒரு நடை. நூறும் எண்பதுமாக நாள் முழுவதும் சேர்த்து ஆறாயிரம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடிகளை எண்ணச் சொன்னோம், எண்ணியது. அடிகளைக் கேட்டேன்; கொடுத்தார்.

2

இந்த நோயின் பெயர் லத்தீன் வேரிலிருந்து வந்தது: கிளாடிகேஷன், அதாவது நொண்டுதல். விட்டுவிட்டு நொண்டுவதால் இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன். 1831இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை வைத்தியர் இதை முதலில் ஒரு குதிரையிடம் கண்டார். 1858இல் ஷார்கோ மனிதனிடம் கண்டு எழுதினார். குதிரை முந்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை என்று நினைக்கிறேன். குதிரைக்கு வலித்தால் நிற்கும், எல்லோரும் பார்க்கும்படி. மனிதன் நிற்பதற்கு ஒரு காரணம் தேடிக்கொள்வான். ஜெர்மன் மொழியில் இந்த நோய்க்குக் கடைச் சன்னல் வியாதி என்று பேச்சு வழக்கில் ஒரு பெயர் இருக்கிறது. வலி வந்ததும் நோயாளி ஏதோ ஒரு கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கும் சாமானைப் பார்ப்பதாகப் பாவனை செய்கிறான். வலி போனதும் நகர்கிறான். அடுத்த கடை, அடுத்த பாவனை.

எங்கள் தெருவில் கண்ணாடிச் சன்னல் வைத்த கடை கிடையாது. அப்பா நின்றது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளின் முன்னால். "இரு, இதப் படிச்சுட்டு வரேன்" என்பார். பட்டறைக்காரர் யாராவது போய்விட்டாரா என்று பார்ப்பதாக ஒரு வருஷ காலம் நான் நம்பினேன். இத்தனை ஊக்கமாகச் சாவுச் செய்தி படிக்கும் பழக்கம் இவருக்கு எப்போது வந்தது என்று ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. விமர்சனம் எழுதுகிறவன், பிரதியில் சொல்லாமல் விட்டதைப் படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வேறு.

நோயின் இயக்கம் எளிதானது. ஓய்வில் இருக்கிற தசைக்குச் சொற்ப ரத்தம் போதும். நடக்கும்போது தேவை பல மடங்காகிறது. குறுகிப்போன தமனியால் அதைத் தர முடியாது. தசை பிராணவாயுவுக்குத் தவிக்கிறது. அந்தத் தவிப்புத்தான் வலி. நின்றால் கடன் மெல்ல அடைகிறது. புகையிலையும் சர்க்கரையும் இதன் இரண்டு பெரிய காரணங்கள். சென்னையில் மக்களிடையே நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 3.2 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் அது 6.3. அபூர்வ வியாதி அல்ல. அபூர்வமாகப் பேசப்படுகிற வியாதி. வயசானால் கால் வலிக்கும் என்ற நமது பொது ஞானம் அதை மூடிக்கொண்டிருக்கிறது.

மருந்து இன்னும் எளிது. 1988இல் ஹவுஸ்லி என்ற டாக்டர், பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில், இந்த வியாதிக்கான வைத்தியம் ஐந்து ஆங்கில வார்த்தைகளில் அடங்கும் என்று எழுதினார்: புகையை விடு, நடந்துகொண்டே இரு என்பதே அதன் சாரம். நடப்பதால் அடைப்பு கரைவதில்லை. கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு தசை மேலும் சிக்கனமாக வேலை செய்யப் பழகுகிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் சற்று இணங்கிக் கொடுக்கிறது. ஓய்விலும் கால் வலிக்கிறவர்களுக்கும் ஆறாத புண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் நடப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு நடைதான் மருந்து.

எந்த நடை என்பதுதான் கேள்வி. 2021இல் அமெரிக்காவில் மக்டெர்மாட் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 305 நோயாளிகள். ஒரு பகுதியினரைச் சௌகரியமாக, வலி வராத வேகத்தில் நடக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினரை வலி வரும்படியான வேகத்தில் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு நடைப்பயிற்சியே இல்லை. ஒரு வருஷம் கழித்து ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரத்தை அளந்தபோது, வலியோடு நடந்தவர்களுக்குச் சராசரியாக 34.5 மீட்டர் கூடியிருந்தது. வலியில்லாமல் நடந்தவர்களுக்கு 6.4 மீட்டர் குறைந்திருந்தது. ஒரு வருஷ நடை, அநேகமாக ஒன்றுமில்லை. இதே டாக்டர் குழு 2018இல் வெளியிட்ட வேறொரு ஆய்வில், 200 பேரில் ஒரு பாதிக்கு அடிகளை எண்ணும் கருவியும் தொலைபேசியில் ஊக்கமும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, கருவி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட அதிகம் நடக்கவில்லை.

என் அப்பா அமெரிக்காவுக்குப் போகாமலே இரண்டு ஆய்வுகளையும் மூக்கண்டப்பள்ளியில் நிரூபித்திருந்தார்.

3

எண்ணிக்கைக்கு எதிராகப் புலம்புவது நம் போன்ற பத்திரிகைகளில் சுலபமான காரியம். அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. எண்ணிப் பிழைக்கிறவன் நான். பொதுவாக மனிதர்களுக்கு அடிகளின் எண்ணிக்கை பொய்யான விஷயமும் அல்ல. 2019இல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதிய அமெரிக்கப் பெண்களைப் பற்றி வந்த ஆய்வு, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே சாவு குறைவு என்றது. 7,500 வாக்கில் அந்த லாபம் மேலே ஏறாமல் நின்றுவிட்டது என்றும் சொன்னது. பிரசித்தி பெற்ற பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பெயருக்குப் பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர் காலப்போக்கில் ஆரோக்கியத்தின் எல்லைக் கல்லாகிவிட்டது.

கடிகாரக் கம்பெனி என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரும் கடிகாரத்தின் ஊர்தான். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டனின் ஆலை இதே சிப்காட்டில் இருக்கிறது. சங்கு ஊதும் நேரத்துக்கு வரவும் போகவும் பழகிய தலைமுறை அப்பாவுடையது. அந்தக் கடிகாரம் சுவரில் இருந்தது. அவருடைய நேரத்தை எண்ணியது. ஓய்வு பெற்றபின் அது மணிக்கட்டுக்கு வந்து காலை எண்ணுகிறது. கொண்டுவந்து கட்டியவன் பிள்ளை.

எண்ணிக்கை எப்போது கெடுகிறது என்பதை விளக்க ஒரு வங்கிக்காரரே போதும். இங்கிலாந்து மத்திய வங்கியின் ஆலோசகராக இருந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் சொன்னார். ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், அதுவரை அது நம்பகமாகக் காட்டிக்கொண்டிருந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அதன் சாராம்சம். எங்கள் தொழிலில் இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டாம். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்தது. எத்தனை கணக்குகள் காலியாகக் கிடக்கின்றன என்று மேலே கேட்கத் தொடங்கினார்கள். 2016இல் பத்திரிகைகளில் வந்த செய்தி: பல கிளைகளில் ஊழியர்களே ஏழைகளின் கணக்கில் ஒவ்வொரு ரூபாயாகப் போட்டு, காலிக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு ரூபாய் பொய்யான ரூபாய் அல்ல. ரிசர்வ் வங்கி அச்சிட்டதற்குச் சமமான அசல் ரூபாய்தான். அப்பாவின் ஆறாயிரமும் அசல் அடிகள்தான்.

அடி என்று எழுதும்போது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு வேறொரு ஞாபகம் வராமல் இருக்காது. காலடியையும் செய்யுளின் அடியையும் நம் மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. எண்ணுதல் என்ற ஒரே வினை கணக்கிடுவதற்கும் யோசிப்பதற்கும் வருகிறது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபின் நடந்த சர்ச்சையின் சாரம் என்ன? அசையும் சீரும் அடியும் பிசகாமல் இருந்தும் ஒரு செய்யுள் கவிதையாகாமல் போகலாம் என்பதுதானே. தளை தட்டவில்லை என்று எண்ணிக் காட்டியவர்களிடம், எண்ணியது சரி, ஆனால் இதில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வாரிசுகள் நாம். ஆனால் வாரிசுகளாகிய நாம் வேறொன்றும் செய்தோம். வலியையே ஒரு சீராக்கிக்கொண்டோம். தனிமை, வெறுமை, ரணம் என்ற சொற்கள் இத்தனை இருந்தால் கவிதை என்று நமக்குள் ஒரு புதிய யாப்பு உருவாகி வெகுகாலமாகிறது. அதிலும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அதிலும் பல சமயம் ஒருவரும் நடந்திருப்பதில்லை.

4

வலி நல்லது என்று நான் சொல்ல வருவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. 34.5 மீட்டரை வைத்துக்கொண்டு வலியைத் துதிக்கத் தொடங்கினால், அது எண்ணிக்கையைத் துதித்ததைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். இந்த நோயில் வலி பரிசுமல்ல, தண்டனையுமல்ல. அது ஒரு இடம். அதுவரை போக வேண்டும், அங்கே நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். மறுபடி போக வேண்டும். பிரச்னை வேறு: இன்னொரு மனிதனை அந்த இடத்துக்குப் போ என்று சொல்லும் உரிமை யாருக்கு, எந்த நிபந்தனையில் உண்டாகிறது?

மற்றவன் வலி என்ற விஷயத்தில் தத்துவக்காரர்கள் நிறையத் திணறியிருக்கிறார்கள். விட்கென்ஸ்டைன் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1953இல் வெளியான 'தத்துவ ஆய்வுகள்' நூலில் பெட்டிக்குள் வண்டு என்ற உதாரணம் வருகிறது. எல்லோரிடமும் ஒரு பெட்டி. ஒவ்வொருவனும் தன் பெட்டியை மட்டுமே திறந்து பார்க்க முடியும். உள்ளே இருப்பதை வண்டு என்கிறான். அடுத்தவன் வலியை அறியவே முடியாது என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர் சொல்ல வந்தது ஏறக்குறைய நேர்மாறு என்று தோன்றுகிறது. வலி என்ற சொல்லுக்குப் பொருள் பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒரு வஸ்துவிலிருந்து வரவில்லை. குழந்தை முதலில் அழுகிறது. பெரியவர்கள் அந்த அழுகையின் இடத்தில் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆக 'வலிக்கிறது' என்பது உள்ளே நடப்பதைப் பற்றிய அறிக்கை அல்ல, அழுகையின் தொடர்ச்சி. அறிக்கையைச் சரிபார்க்கலாம். அழுகைக்கு ஒருவர் வர வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள வியன்னாக்காரர்கூட வேண்டியதில்லை. காலில் கல் இடித்தால் நம் வாயில் என்ன வருகிறது? அம்மா. எண்பது வயதுக் கிழவனுக்கும், தாயைச் சுடுகாட்டுக்கு அனுப்பி முப்பது வருஷம் ஆனவனுக்கும் அதே சொல்தான். அது தகவல் அல்ல, விளி. எதிரே ஒருவர் இருப்பதை அனுமானித்துக்கொண்டே நம் மொழியில் வலி வெளிப்படுகிறது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களை யோசித்துப் பார்க்கிறேன். கொப்புளத்தோடு நடக்கிறார்கள். அந்த வலிக்குப் போய்ச்சேர ஒரு விலாசம் இருக்கிறது. அது போகட்டும், நம்பிக்கை உள்ளவர்களின் விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது வழியில் நடப்பது: கூட நடக்கிறவன் நின்றால் இவனும் நிற்கிறான். ஊர்க்காரர்கள் மோர் கொடுக்கிறார்கள். கால் பிடித்துவிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் நடையும் ஒரு விதத்தில் விரதம்தான். ஆனால் விலாசம் இல்லாத விரதம். தனியாக, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், லாரிப் புகைக்கு நடுவில். அதில் வலியைக் கேட்க ஆள் இல்லை. மணிக்கட்டில் ஒன்று இருக்கிறது. அது நகர்ந்தால் கூட்டும். நின்றால் சும்மா இருக்கும். சிகிச்சையின் பாதி நிற்பதில் இருக்கிறது. நிற்பதற்கு அதில் பத்தி இல்லை.

அரசாங்கமும் இந்த இரண்டையும் அறிந்தே இருக்கிறது போலும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வரும். இயன்முறை சிகிச்சையும் வரும். 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று வாசலுக்கு வருகிறது. மற்றது வெளியே கூப்பிடுகிறது. வாசலுக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டருக்கும் இடையில், நூற்றைம்பது மீட்டரில் நின்றுபோகிறவனோடு யார் நிற்பது என்பது திட்டத்தில் எழுதக்கூடிய விஷயமல்ல. அது வீட்டில் இருப்பவர்களின் வேலை. அந்த வேலையைத்தான் நான் ஒரு பட்டையிடம் ஒப்படைத்திருந்தேன்.

5

ஜூனில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அப்பாவிடம் சண்டை போட்டேன். ஏன் வலி வரும்வரை நடக்கவில்லை, டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்றேன். என் காதில் விழாதது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"முப்பத்து மூணு வருஷம் வலியோடதாண்டா நின்னேன். அதுக்குச் சம்பளம் கொடுத்தான். இதுக்கு யார் கொடுக்கறா?"

பிறகு மணிக்கட்டைக் காட்டிச் சொன்னார்: "பட்டறைலயும் எண்ணுவாங்க. இத்தனை பீஸுன்னு எழுதுவாங்க. பக்கத்துலயே ரிஜெக்ஷன் எத்தனைன்னு தனியா எழுதுவாங்க. உன் வாட்ச்சுல ரிஜெக்ஷன் எங்கடா இருக்கு?"

இரண்டாவது கேள்வி நான் மேலே மூன்று பகுதிகளில் எழுதியதை ஒரு லேத் ஆபரேட்டரின் பாஷையில் முடித்துவிடுகிறது. அந்தக் கருவியில் குறை என்ன என்று அவருக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அது கேட்டதைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உற்பத்திக் கணக்குக்குப் பதில் சொல்லியே வாழ்ந்த ஒரு தொழிலாளி கற்றுக்கொண்ட தற்காப்பு இது. அதை நான் சோம்பல் என்று படித்தேன்.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வலியை விலக்கிக்கொள்ள அவருக்குள்ள உரிமையை எந்த ஆய்வும் ரத்து செய்யாது. 34.5 மீட்டர் என்பது ஏறக்குறைய எங்கள் தெருவில் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம். ஒரு கம்ப தூரத்துக்காக ஒரு வருஷ வலியா என்று ஒருவர் கேட்டால், அது அறியாமையிலிருந்து வந்த கேள்வி அல்ல. ஒரு கம்பம் கூடினால் பஸ் நிறுத்தம் வரை நிற்காமல் போய்விடலாமே என்று நான் சொல்லலாம். அது எனக்குப் பெரிதாகத் தெரிகிற அளவு அவருக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கால் அவருடையது. அவருக்காக நான் பயப்படுவது உண்மை. ஆனால் பயம் அதிகாரத்தைத் தந்துவிடுவதில்லை. அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டு எண்ணிக்கை கேட்கிற மேஸ்திரிகளாக நாம் எத்தனை வீடுகளில் இருக்கிறோம் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. படித்தாயா, சாப்பிட்டாயா, நடந்தாயா, எத்தனை?

ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. ஒருவனை அவன் வலி வரை போகச் சொல்கிற உரிமை, அங்கே அவனோடு நிற்கத் தயாராக இருக்கிறவனுக்கு மட்டும்தான் உண்டு. நிற்பதால் அந்த உரிமை முழுதாகக் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. நிற்காவிட்டால் அது தொடங்கவே தொடங்காது என்று சொல்கிறேன். தினமும் ஷிப்டுக்கு ஓடுகிற பிள்ளைகள் எப்படி நிற்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் பொதுவான விடை கிடையாது. எனக்கு ஐந்தரைக்கு மேல் வங்கி விடுகிறது. ஆகவே எனக்குச் சாக்கு இல்லை என்பதுதான் நான் அறிந்தது.

செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் நாங்கள் இரண்டு பேரும் நடக்கிறோம். கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "நீ வர்றதா இருந்தா பார்க்கலாம்" என்றார். பட்டையைக் கழற்றவும் இல்லை. மணி பார்க்க வசதியாக இருக்கிறதாம். முதல் நாள் சுவரொட்டி முன்னால் வழக்கம்போல நின்றார். பக்கத்தில் நின்ற நான் என்ன செய்வது என்று தெரியாமல் கைபேசியை எடுத்தேன். "நீயும் போஸ்டரப் பாருடா" என்றார். பார்த்தேன். அறுபத்திரண்டு வயது, ரிட்டயர்டு ஃபோர்மேன். "என்னைவிடச் சின்னவன்" என்றார். பிறகு நடந்தோம்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, சுவரே இல்லாத ஓர் இடத்தில், சர்வீஸ் ரோட்டின் நடுப்பகுதியில், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வலிக்குதுடா, நில்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மூன்று நிமிஷம் நின்றோம்.

ஆறு நிமிஷ தூரத்தை அடுத்த முறை டாக்டர் அளப்பார். கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். இப்போதெல்லாம் மாலையில் நான் அவர் அடிகளைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நடையில் எத்தனை முறை நிற்கிறோம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு வருகிறேன் என்பதைச் சென்ற வாரம்தான் கவனித்தேன். வியாதி எனக்கும் இருக்கிறது.